புகார் வந்த வீரரை உட்கார வைக்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு தனியார் கபடி லீக்கின் செயலாளர். பெயர், ஊர், அணி எதையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

எட்டு அணிகள் ஆடும் லீக். ஏலம் முடிந்துவிட்டது, பிளக்ஸ் அடித்தாகிவிட்டது, முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் லீக்கின் முன்னணி ரைடர் மீது, அவருக்கு நிச்சயம் செய்திருந்த பெண் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். அடித்தார், நிச்சயத்தை முறித்துக்கொண்டதும் அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டினார் என்பது புகார். முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு எப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது. வீரர் முன்ஜாமீன் வாங்கி, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாமே பொய் என்கிறார்.

முக்கிய ஸ்பான்சரான ஜவுளிக்கடை முதலாளி, "அந்தப் பையன் இறங்கினால் என் கடைப் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அணி உரிமையாளரோ, "தீர்ப்பு வராமல் அவன் மேல் கை வைத்தால் ஸ்டே வாங்குவேன்" என்கிறார். கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. எப்.ஐ.ஆர். போட்டாலே குற்றவாளிதானே என்பது தலைவரின் கட்சி. இந்தக் காலத்தில் பாதிப் புகார் பொய்தானே என்பது பொருளாளரின் கட்சி. செயலாளர் கேட்பவை மூன்று: வீரரைத் தள்ளி வைக்கலாமா? வைத்தால் வழக்கு வருமா? ஊர்ப் பெரியவர்களை வைத்து இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டால் என்ன? கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "அந்தப் பெண் போன சீசனில் எங்கள் லீக்கின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வேலையைப் பார்த்தவர்தான். நல்ல பிள்ளை."

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

முதல் கேள்விக்கு நேரான பதில்: தள்ளி வைக்கலாம். ஆனால் எந்த விதியின் கீழ், யார் முடிவெடுத்து, எவ்வளவு காலத்துக்கு, சம்பளத்தோடா இல்லாமலா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் அது தற்காலிக ஏற்பாடு. இல்லையென்றால், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அது தண்டனைதான். விசாரிக்காமல் கொடுத்த தண்டனை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கில் ஒன்றுகூட இப்போது உங்கள் கையில் இல்லை. எனவே அந்த வீரரைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் லீக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

தலைவரும் பொருளாளரும் சொல்வது

உங்கள் தலைவர் சொல்வது சட்டப்படி சரியில்லை. நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸே நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில வகைப் புகார்களில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் உண்டு. சி.எஸ்.ஆர். ரசீது, பிறகு எப்.ஐ.ஆர். என்ற வரிசையைப் பார்த்தால் உங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆக, எப்.ஐ.ஆர். விசாரணையின் தொடக்கம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு போலீஸ் ஆதாரம் திரட்டி குற்றப்பத்திரிகை போட வேண்டும், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைய வேண்டும், சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பு வர வேண்டும். இந்த நீண்ட பாதையின் முதல் படியிலேயே ஒருவரைக் குற்றவாளி என்று உங்கள் கடிதத்தாளில் எழுதினால், அவதூறு வழக்கு உங்கள் மீதுதான் வரும்.

பொருளாளர் சொல்வது இதைவிட ஆபத்தானது. பாதிப் புகார் பொய் என்பதற்கு அவரிடம் என்ன கணக்கு இருக்கிறது? வழக்கில் விடுதலையான ஒவ்வொருவர் மீதும் வந்த புகார் பொய் என்று எடுத்துக்கொண்டால் அப்படித் தோன்றலாம். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. நிரூபணமாகவில்லை என்பது ஒன்று, புகார் பொய் என்பது வேறொன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமே, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்த பெண் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தவிர, யார் சொல்வது உண்மை என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது உங்கள் வேலையும் இல்லை. விசாரணை நடக்கும்போது உங்கள் மேடையில் இவர் ஆடலாமா என்ற ஒரு சின்னக் கேள்விதான் உங்களுடையது.

அணி உரிமையாளரின் கட்சிக்கும் வருகிறேன். தீர்ப்பு வராமல் எதுவும் செய்ய முடியாது என்பது நம் ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கை, ஆனால் தவறானது. துறை விசாரணையும் குற்ற வழக்கும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே கேப்டன் பால் அந்தோணி வழக்கில் சொல்லிவிட்டது. ஒழுங்கு நடவடிக்கைக்குத் தேவைப்படும் நிரூபணத்தின் அளவும் குறைவு: எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தின் வழக்கு வேறு வகை, அது சூதாட்டம் தொடர்பானது. இருந்தாலும் அங்கே 2015-ல் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்த பிறகும், கிரிக்கெட் வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை தானாக விழுந்துவிடாது என்றுதான் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாழ்நாள் தடை அதிகம், அளவை மறுபடியும் யோசியுங்கள் என்றது. பிறகு அது ஏழு ஆண்டாகக் குறைந்தது.

ஆஸ்திரேலியர்கள் செய்தது

இந்தச் சிக்கலை மிகக் கறாராக அணுகியவர்கள் ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்காரர்கள். 2018 டிசம்பரில் ஜாக் டி பெலின் என்ற வீரர் மீது கடுமையான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு பதிவானது. அவர் மறுத்தார். அந்தச் சமயத்தில் வேறு சில வீரர்கள் மீதும் புகார்கள் வந்து, ஸ்பான்சர்கள் பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 2019 தொடக்கத்தில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது: 11 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு பதிவானால், வழக்கு முடியும் வரை வீரர் தானாகவே ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவார். அதைவிடச் சிறிய குற்றம் என்றால், குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதென்றால், தலைமை நிர்வாகி முடிவெடுக்கலாம். இந்த விலக்கலில் யார் பக்கம் தவறு என்ற கேள்வியே எழாது. முழுச் சம்பளம் உண்டு, அணியோடு பயிற்சியும் செய்யலாம். ஆட மட்டும் முடியாது.

டி பெலின் வழக்குப் போட்டார். தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கிறார்கள், எனக்காகவே செய்த விதி என்றார். 2019 மே மாதம் பெடரல் நீதிமன்றம் லீக்கின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொழில் தடைதான், ஆனாலும் லீக்கின் நியாயமான நலனைக் காக்கத் தேவையான அளவைத் தாண்டவில்லை என்பது அதன் சாரம். ஸ்பான்சர் இழப்பையும் நியாயமான நலனில் ஒன்றாக நீதிமன்றம் ஏற்றது. உங்கள் ஜவுளிக்கடை முதலாளியின் கவலையை நான் ஒதுக்கித் தள்ளாததற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒன்று: அங்கே இழப்பு எவ்வளவு, எந்த ஒப்பந்தம் போனது என்று சாட்சியம் வைத்தார்கள். "முதலாளி கோபமாக இருக்கிறார்" என்பது சாட்சியம் ஆகாது.

பாதிக் கதைதான் இது. டி பெலின் வழக்கில் 2020-ல் முதல் ஜூரியால், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவால், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 2021-ல் இரண்டாவது ஜூரி ஒரு குற்றச்சாட்டில் விடுவித்தது, மற்றவற்றில் அதனாலும் முடிவுக்கு வர முடியவில்லை. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. 2021 ஜூனில் அவர் மறுபடியும் ஆட வந்தார். இரண்டு முழு சீசன், மூன்றாவதில் ஒரு பகுதி போய்விட்டது. சம்பளம் வந்தது, போன ஆண்டுகள் வரவில்லை. ஒரு விளையாட்டு வீரரின் உடம்புக்கு இரண்டரை ஆண்டு எவ்வளவு பெரிய காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் நீதிமன்றங்களில் அதைவிடக் கூடுதலாகவே ஆகலாம்.

அதோடு, அவர்களுடைய விதியை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. அங்கே போலீஸ் குற்றம் சுமத்துவது, ஓரளவு ஆதாரத்தைப் பார்த்துவிட்டுச் செய்யும் காரியம். நம்முடைய எப்.ஐ.ஆர். அந்த நிலைக்கு வெகு முன்னால் வருவது; ஏறக்குறைய குற்றப்பத்திரிகையைத்தான் அதற்கு இணையாகச் சொல்லலாம். எப்.ஐ.ஆர். போட்ட உடனே தானாக வெளியே என்று நீங்கள் விதி எழுதினால், அடுத்த சீசனில் எதிரணிக்காரர்கள் யாராவது ஒருவரைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அனுப்பமாட்டார்கள் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? உங்கள் ஊர்ப் போட்டி மனப்பான்மை எனக்கும் கொஞ்சம் தெரியும்.

ஆகவே என் யோசனை இரண்டு படி. எப்.ஐ.ஆர். வந்தால் ஒரு குழு ஏழு நாளுக்குள் கூடிப் பார்க்க வேண்டும். தள்ளி வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம், காரணத்தை எழுத வேண்டும். பெரிய குற்றங்களில் குற்றப்பத்திரிகை தாக்கலானால் தானாக விலக்கல். இரண்டிலும் 90 நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை கட்டாயம். இந்த 90 நாள் நான் கற்பனையாகச் சொன்னதல்ல. அரசு ஊழியர் ஒருவரைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தில் வைக்கக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் லீக்கை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், நியாயமான கால அளவு எது என்று நாளை ஒரு முன்சீப் கேட்டால் கைகாட்ட நல்ல இடம்.

கிரிக்கெட்டில் நடந்தவை

கிரிக்கெட்டில் இது பலமுறை வந்திருக்கிறது, ஒவ்வொரு வாரியமும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறியிருக்கிறது.

இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக, டி20 உலகக் கோப்பைக்காகப் போயிருந்தபோது 2022 நவம்பரில் சிட்னியில் கைதானார். மறுநாளே இலங்கை கிரிக்கெட் வாரியம் எல்லா வகை ஆட்டங்களிலிருந்தும் அவரை இடைநிறுத்தியது. நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றை அரசுத் தரப்பே பின்னால் கைவிட்டது. மிஞ்சிய ஒன்றில் 2023 செப்டம்பரில் நீதிபதி அவரை விடுவித்தார். அடுத்த மாதம், சுயேச்சையான விசாரணைக் குழுவின் பரிந்துரையின் பேரில் வாரியம் தடையை நீக்கியது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜாமீன் நிபந்தனையால் அவர் அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறவே முடியாமல் இருந்தார். வாரியம் இடைநிறுத்தாவிட்டாலும் அவரால் இலங்கைக்கு ஆடியிருக்க முடியாது. உங்கள் வீரரும் தினமும் காலையில் கையெழுத்துப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்ஜாமீன் உத்தரவின் நகலை முதலில் வாங்கிப் படியுங்கள். எந்த ஊரை விட்டுப் போகக் கூடாது, யாரை நெருங்கக் கூடாது என்று அதில் இருக்கலாம். பாதி ஆட்டங்களுக்கு அந்த உத்தரவே பதில் சொல்லிவிடக்கூடும்.

நேபாளத்தில் நேரெதிர். சந்தீப் லாமிசானே மீது 2022-ல் பாலியல் வன்முறைப் புகார் வந்ததும் இடைநிறுத்தினார்கள். ஜாமீன் கிடைத்ததும் 2023 தொடக்கத்தில் தடையை நீக்கி, வழக்கு நடக்கும்போதே ஆட விட்டார்கள். எதிரணி வீரர்கள் ஆட்டம் முடிந்து அவரோடு கை குலுக்க மறுத்தது செய்தியானது. 2024 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் எட்டு ஆண்டு சிறை விதித்தது, மறுபடியும் இடைநிறுத்தம். அதே ஆண்டு மே மாதம் பாட்டன் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, மறுபடியும் அணி. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. ஒவ்வொரு முறையும் வாரியம் வழக்கின் பின்னால் ஓடியதே தவிர, தனக்கென்று ஒரு நிலை எடுக்கவில்லை.

இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் விவகாரத்தில் நாம் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் நடந்த அடிதடிக்குப் பிறகு அவர் ஆஷஸ் தொடரை இழந்தார். 2018 ஆகஸ்டில் ஜூரி அவரை விடுவித்தது. அதன் பிறகு கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் தனியாக விசாரித்து, எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஆனால் அவர் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்த ஆட்டங்களை அந்தத் தடையில் கழித்துக்கொண்டது. உங்கள் விதியிலும் இது இருக்கட்டும்: பின்னால் தண்டனை வந்தால், காத்திருந்த காலம் கழியும்.

நம் நாட்டுக் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2019 ஜனவரியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக இடைநிறுத்தப்பட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். விசாரணை நிலுவையில் இருப்பதால் இடைநிறுத்தம் என்றார்கள். ஆனால் விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்பாளரை அப்போது யாரும் நியமித்திருக்கவே இல்லை! ஆளில்லாத விசாரணைக்காக எத்தனை நாள் உட்கார வைப்பது? அந்த மாதக் கடைசிக்குள் இடைநிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். பிறகு நியமிக்கப்பட்ட குறைதீர்ப்பாளர் டி.கே. ஜெயின் ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். உங்கள் லீக் இன்று நிற்பது சரியாக அந்த ஜனவரி மாதத்தில்தான்.

அமெரிக்கக் கால்பந்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2014-ல் ரே ரைஸ் என்ற வீரருக்கு முதலில் இரண்டு ஆட்டத் தடை கொடுத்தார்கள். அவர் தன் வருங்கால மனைவியை அடிக்கும் காணொளி வெளியானதும் ஊரே கொதித்தது, உடனே காலவரையற்ற தடை. அவர் செய்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரே செயலுக்கு இரண்டு தண்டனை கொடுத்தார்கள் என்று சொல்லி நடுவர் அந்தத் தடையை ரத்து செய்தார். வாட்ஸ்அப்பில் எது சுற்றினாலும் அந்தச் சூட்டில் உத்தரவு எழுதாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

யார் முடிவெடுப்பது?

கமிட்டி இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றீர்கள். கமிட்டியில் யார் யார் என்று பார்த்தேன். ஒன்பது பேரில் பெரும்பாலானவர்கள் அணி உரிமையாளர்கள் அல்லது அவர்களுடைய ஆட்கள். லீக்கின் மிகச் சிறந்த ரைடர் ஆடக் கூடாது என்று மற்ற அணிகளின் உரிமையாளர்கள் வாக்களித்தால், அது எந்தக் காரணத்துக்காக என்று யாராவது கேட்கமாட்டார்களா? அவருடைய சொந்த உரிமையாளர் எதிர்த்து வாக்களித்தால் அதற்கும் அதே கேள்விதான். உங்கள் மீது வழக்கு வந்தால் முதல் பத்தியிலேயே இது இருக்கும்.

அதனால் முடிவை கமிட்டியிடமிருந்து எடுத்து மூன்று பேரிடம் கொடுங்கள். ஓய்வு பெற்ற நீதித்துறை அதிகாரி அல்லது மூத்த வழக்கறிஞர் ஒருவர், வெளியிலிருந்து ஒரு பெண், வேறு மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் வீரர் ஒருவர். கமிட்டி கூடி, சங்கத்தின் பைலாவில் (உள்விதிகளில்) இடம் இருக்கிறதா என்று பார்த்து, தீர்மானம் போட்டு இந்தக் குழுவை அமையுங்கள். பைலாவில் இடமில்லை என்றால் அதைத் திருத்தும் வேலை தனி. சங்கப் பதிவுச் சட்டப்படி நோட்டீஸ், பொதுக்குழு எல்லாம் வேண்டும், மூன்று வாரத்தில் முடியாமல் போகலாம். அப்படியானால் வீரரோடு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தைத்தான் நம்ப வேண்டும். ஏலப் படிவத்தில் "லீக்கின் நற்பெயருக்குக் களங்கம்" என்று ஒரு பொது வரி இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போகாதீர்கள், அது தாங்காது. சம்பளத்தோடு தற்காலிக விலக்கல் என்ற அளவுக்குத் தாங்கும் என்பது என் கணிப்பு.

அந்தக் கடைசி வரி

நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன வரியில்தான் எனக்குக் கவலை அதிகம். அந்தப் பெண் போன சீசனில் உங்களுக்கு வேலை பார்த்தவர். அப்படியென்றால் அவர் வெளியாள் இல்லை.

2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்பதற்குள் விளையாட்டு மைதானம், போட்டி நடக்கும் இடம், பயிற்சி முகாம் எல்லாம் வருகின்றன. ஊழியர் என்பதற்குள் தற்காலிகமாக வந்தவரும், சம்பளம் வாங்காத தன்னார்வலரும் வருகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், இத்தகைய புகார்களை விசாரிக்க ஒரு உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். உங்களிடம் அந்தக் குழு இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

அவர் புகாரில் சொல்லும் சம்பவங்கள் வீட்டில் நடந்தவையாக இருந்தால் இந்தச் சட்டம் அவற்றுக்கு வராமல் போகலாம். சீசன் நடந்தபோது, பயணத்தில், விடுதியில் ஏதாவது நடந்திருந்தால் வரும். சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அவர் உங்களிடம் புகார் கொடுக்கவில்லை, கொடுங்கள் என்று நீங்கள் வற்புறுத்தவும் கூடாது. ஆனால் கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உள்ளகக் குழு இல்லாத இடங்களுக்காக மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்த சீசனுக்கும் அவரையே சமூக ஊடக வேலைக்குப் பேசியிருந்தீர்களா? "இந்த நேரத்தில் எதற்கு வம்பு" என்று அவரை மெல்லக் கழற்றிவிடும் யோசனை யாருக்காவது இருந்தால், இப்போதே நிறுத்துங்கள். வீரரின் உரிமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், அந்தப் பெண்ணின் வேலை என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

பேசி முடிக்கலாமா?

கூடாது. பெரியவர்களை வைத்து என்றாலும் கூடாது. வழக்கு நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தில் நிற்கும் ஆட்கள் புகார் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், உங்களுக்கு அது சமாதானம், அவருக்கு மிரட்டல். சாட்சியைக் கலைக்கக் கூடாது என்பது பெரும்பாலும் எல்லா ஜாமீன் உத்தரவிலும் இருக்கும் நிபந்தனை. நீங்கள் நல்லெண்ணத்தில் செய்தாலும் வீரருடைய ஜாமீன் ரத்தாகலாம், உங்கள் பெயரும் எப்.ஐ.ஆரில் ஏறலாம். புகாரை "வாபஸ்" வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் தவறான எண்ணம். பதிவான எப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், உங்களுக்கு மதுரைக் கிளை. சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் சில உண்டு, அதையும் அவரவர் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மூன்று வாரத்தில்

புது விதியை இவர் ஒருவருக்காக அவசரமாக எழுதுவதைவிட, இந்த சீசனுக்கு ஒப்புதலோடு விலக முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வீரருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் எழுத்தில் ஒரு கடிதம்: ஏலத்தொகை முழுவதும் உங்களுக்கு வரும், பயிற்சிக்கு வரலாம், இது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று நாங்களே எழுதித் தருகிறோம், வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்தால் தடையின்றித் திரும்பலாம். பல வழக்கறிஞர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். மைதானத்தில் ஆயிரம் பேர் மத்தியில் கட்சிக்காரர் நின்று கூச்சல் கேட்பதை அவர்களும் விரும்பமாட்டார்கள்.

ஆடாதவனுக்கு எதற்குப் பணம் என்று பொருளாளர் கேட்பார். இந்தப் பணம்தான் உங்கள் உத்தரவு தண்டனை அல்ல என்பதற்கு இருக்கும் ஒரே உறுதியான ஆதாரம். ஐந்தாறு போட்டிகளில் கிடைக்கும் தொகையில் ஆண்டை ஓட்டும் பையன் அவர். தொகையை நிறுத்தினால் நீதிமன்றம் அதைத்தான் முதலில் பார்க்கும். அணிக்கு மாற்று வீரர் எடுக்கும் உரிமையையும் கொடுங்கள். உரிமையாளரின் கோபத்தில் முக்கால் பங்கு அங்கேயே இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

அவர் சம்மதிக்கவில்லை என்றால், மூவர் குழு அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, ஒரு வாரமாவது பதில் சொல்ல நேரம் கொடுத்து, நேரில் கேட்டு, காரணத்தோடு உத்தரவு போடட்டும். உத்தரவு விலக்க வேண்டாம் என்று வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள், ஜவுளிக்கடை போனாலும் சரி. முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு அதற்கு ஒரு குழு வைப்பதில் பயனில்லை. அப்படி அவர் ஆடினால், பிளக்ஸிலும் விளம்பரக் காணொளியிலும் அவர் முகம் வேண்டாம். லீக்கின் பக்கங்களில் அந்தப் பெண்ணைத் திட்டி வரும் கமென்ட்டுகளை உடனுக்குடன் அழிக்க ஒரு ஆளைப் போடுங்கள்.

வழக்கு வருமா என்ற கேள்வி பாக்கி. வரலாம். கிரிக்கெட் வாரியம் போலப் பொதுக் கடமை செய்யும் அமைப்புகள் மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. உங்கள் அளவிலான தனியார் லீக் மீது அது கடினம். உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். விதி, விசாரணை, சம்பளம், கால வரம்பு நான்கும் உங்கள் கோப்பில் இருந்தால் தடை கிடைப்பது எளிதில்லை.

அறிவிப்பு வெளியிடத்தான் வேண்டும் என்றால் இவ்வளவு போதும்: "இந்த வீரர் நடப்பு சீசன் ஆட்டங்களில் பங்கேற்கவில்லை. இது தற்காலிக ஏற்பாடு. எந்தக் குற்றச்சாட்டு குறித்தும் லீக் கருத்துச் சொல்லவில்லை." இதில் "நிச்சயிக்கப்பட்ட பெண்" என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் ஊர் அளவில் அது அவர் பெயரைப் போடுவதற்குச் சமம். புகாரில் எந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றமாகலாம். கையெழுத்து உங்களுடையது மட்டும் இருக்கட்டும், தலைவருடையது வேண்டாம். அவர் ஏற்கெனவே டீக்கடையில் என்னென்ன பேசியிருக்கிறார் என்று நீங்களே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.